பட்டமும் பல்கலைக்கழகமும்

எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளை க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றால், அயலவர் முதலிற் கேட்கும் வினா ஒன்றுண்டு. "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சதோ?" என்பதே அது. பல்கலைக்கழகம் என்னும் சொல் பத்திரிகையிலும் மேடையிலும் வழங்க, மக்கள் நாவில் வழங்குவது இந்தக் கம்பஸே. நம் முன்னோர் சர்வகலாசாலை என்றனர். அச்சொல் இன்று அருகிவிட்டது. கம்பஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வளாகம் என்பதே பொருள். 1972ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்த பல்கலைக்கழகங்கள் யாவும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, ஒவ்வொன்றும் அதன் வளாகம் எனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1974இல் தோன்றியதும் அத்தகைய வளாகமே. 1979 முதலாக அது தனிப் பல்கலைக்கழகமாய் இயங்கி வருகின்றது. சட்டத்தில் ஓராறாண்டு இருந்து மறைந்த பெயர் மக்கள் வழக்கில் இன்றும் மறையவில்லை.

அவ்வினாவில் வரும் மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. கம்பஸுக்குப் போவதைப் பற்றியன்று, கம்பஸ் கிடைப்பதைப் பற்றியே நாம் கேட்கின்றோம். பல்கலைக்கழகத்தைச் சென்று கற்கும் ஓரிடமாகக் கருதாமல், பெற்றுக்கொள்ளும் ஒரு பரிசாகக் கருதும் மனப்பாங்கு அச்சொல்லிற் பொதிந்துள்ளது. பட்டம் வேறு, பல்கலைக்கழகம் வேறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றினும் சிறந்த சான்று பிறிதில்லை. ஏனெனில், பல்கலைக்கழகம் வருவதற்கு 117 ஆண்டுகளுக்கு முன்னரே பட்டம் இங்கு வந்துவிட்டது.

பட்டம் வந்த வரலாறு

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினறி என வழங்கிய அதன் முதல் அதிபர் டானியேல் பூர் என்பார். சமயப் பரப்பல் அதன் அடிப்படை நோக்கமாயினும், ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தருக்கம் முதலிய பாடங்கள் அங்குச் செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. அதற்கு இரண்டாண்டின் பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி முதலாவது பட்டத் தேர்வை நடத்தியபோது, அதில் தேறிய இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்ற யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் அவருக்கு ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளை. பின்னவர் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் எழுதியவர். முன்னவர் ஏட்டுச்சுவடிகளிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றி நிலைபெறச் செய்தவர்.

இச்செய்தியை நாம் பெருமையுடன் பலகாலும் எடுத்துரைப்பதுண்டு. ஆனால் அதனுள் அடங்கிய உண்மையொன்றை நோக்குவதில்லை. அவ்விருவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தினுள் இருந்து கற்றவரல்லர். அவர்களைக் கற்றோராக்கியது வட்டுக்கோட்டை. சென்னை அவர்களைத் தேர்ந்து பட்டமளித்தது. இன்றைய வழக்கிற் கூறின், யாழ்ப்பாணத்தின் முதற் பட்டதாரிகள் வெளிவாரிப் பட்டதாரிகளே. கல்வி ஓரிடத்தும் பட்டம் வேறோரிடத்துமாக அமைந்த இம்முறை, அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு நம் நாட்டின் வழக்கமாயிற்று. சிலர் கடல் கடந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் சென்று கற்றனர். பலர் வீட்டிலிருந்தே இலண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கு ஆயத்தஞ் செய்தனர். பகலிற் பாடசாலையிற் படிப்பித்து, இரவில் விளக்கடியிலிருந்து இலண்டன் பாடத்திட்டத்தைப் பயின்று பட்டம் பெற்ற ஆசிரியர்களே நம் கல்லூரிகளைத் தாங்கி நின்ற தூண்கள் எனலாம்.

நம் கல்லூரி தோன்றிய 1910ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகந்தானும் இல்லை. நாட்டுக்கெனப் பல்கலைக்கழகமொன்று வேண்டுமென்று இயக்கம் நடத்தியவருள் முதல்வர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்தவர் அவரே. அம்முயற்சியின் பயனாக 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அங்குக் கற்றோரும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுக்கே தோற்றினர். 1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே, சொந்த நாட்டிற் கற்றுச் சொந்த நாட்டின் பட்டத்தைப் பெறும் நிலை வந்தது. அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தே உறைந்து, நாள்தோறுங் கூடிப் பழகுதல் கல்வியின் ஒரு பாதி என்னும் கொள்கையுடைய அவர், அதற்கேற்ற இடமாகப் பேராதனையை ஆக்கினார். 1952 முதல் அங்குக் கற்பித்தல் நடைபெறலாயிற்று. அங்குள்ள விடுதிகள் இரண்டு அருணாசலத்தின் பெயரையும் அவர் தமையனார் இராமநாதனின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. அச்சகோதரரின் தந்தையார் பொன்னம்பல முதலியாரின் குடி மானிப்பாயோடு தொடர்புடையதென்பதை நம் ஊரார் மறப்பதில்லை.

மானிப்பாயில் நிகழ்ந்தது

பட்டமில்லாமலே உயர்கல்வி நிகழ்ந்த வரலாறும் நம் ஊருக்கு உண்டு. 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியம் கற்பிக்குஞ் சாலையொன்றை நடத்தினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றிய 1870ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபதாண்டு முற்பட்டது அது. முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1860களிலே தமிழுக்கு மாறினார். ஆங்கிலங் கற்ற வைத்தியர் பட்டணத்து உத்தியோகத்தை நாடிச் சென்றுவிடுதலும், கிராமத்து நோயாளர் வைத்தியரின்றி இருத்தலும் கண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தம் மாணாக்கரின் துணையுடன் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். 1873இல் தாயகம் திரும்பும்வரை அறுபதளவினரை வைத்தியராகப் பயிற்றினார். அவர் பெயரால் வழங்கும் வைத்தியசாலை இன்றும் நம் ஊரில் உள்ளது.

அப்பணி ஏன் தொடரவில்லை? அவருக்குப் பின் வைத்தியக் கல்வி ஆங்கிலத்துக்கும் கொழும்புக்குமாகச் சென்றது. அரசாங்கம் ஏற்ற பட்டயம் அங்கேதான் கிடைத்தது. அன்றியும், மொழிபெயர்த்த நூல் ஒருமுறை எழுதி வைத்தால் நிலைத்து நிற்பதன்று. ஆண்டுதோறும் அறிவு வளர, நூலும் வளர வேண்டும். அவ்வாறு வளர்ப்பதற்கு ஒரு தனிமனிதர் போதார். ஆசிரியர் மாறினும் அழியாத நிறுவனம் ஒன்று வேண்டும், நூலகம் வேண்டும், முன்னோர் விட்ட இடத்திலிருந்து தொடரும் மாணவ பரம்பரை வேண்டும். இவை சேர்ந்ததே பல்கலைக்கழகம். வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் அறிவு இருந்தது. அதனைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிச் செல்லும் அமைப்பு இல்லை.

பல்கலைக்கழகம் வந்த வரலாறு

சேர். பொன்னம்பலம் இராமநாதன் இக்குறையை உணர்ந்தவர். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய அவர், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். அது நாளடைவில் ஒரு பல்கலைக்கழகமாக வளரவேண்டுமென்பது அவர் எண்ணம் என்பர். அவர் 1930இல் மறைந்தார்.

1950களிலும் 1960களிலும் தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்னுங் கோரிக்கை வலுத்தது. 1959இல் வித்தியோதயம், வித்தியாலங்காரம் என்னும் பிரிவேனாக்கள் பல்கலைக்கழகங்களாயின. தமிழருக்கும் அவ்வாறு ஒன்று வேண்டுமென்பதில் ஒற்றுமை இருந்தது. எங்கே அமைவதென்பதில் இல்லை. திருகோணமலை என்றனர் ஒருசாரார்; யாழ்ப்பாணம் என்றனர் மற்றொருசாரார். இரு திறத்தாரும் தத்தம் நியாயத்தை எடுத்துரைக்கக் காலம் கழிந்தது.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. தமிழ் மொழியிற் பரீட்சை எழுதிய மாணவர், மருத்துவம் பொறியியல் முதலிய துறைகளிற் சேர்வதற்குச் சிங்கள மொழியில் எழுதியோரினும் கூடுதலான புள்ளி பெறவேண்டியிருந்தது. பின்னர் மாவட்ட அடிப்படையும் வந்தது. பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கிய அக்காலத்திலேதான் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. 1974 ஒக்டோபர் 6ஆந் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அதனைத் திறந்துவைத்தார். பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்கள் அதன் உறைவிடமாயின. இராமநாதனின் எண்ணம் அவர் மறைந்து நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் இவ்வாறு நிறைவேறியது. விஞ்ஞான பாடங்களோ, பட்ட வகுப்பு ஏற்கெனவே நடைபெற்று வந்த வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் தொடங்கின. 1823இல் விதைத்த நிலத்திலேயே 1974இல் மீண்டும் பயிர் வைத்தது போன்றது இது.

வளாகத்தின் முதற் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, சங்ககால வீரநிலைப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களுடன் ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. அவரையடுத்துத் தலைமையேற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனையில் இருந்தபோதே நாட்டுக்கூத்தைப் படித்தோர் அரங்குக்குக் கொணர்ந்து அதற்கு மதிப்புத் தேடித் தந்தவர். 1979இல் வளாகம் பல்கலைக்கழகமானபோது அவரே அதன் முதல் துணைவேந்தரானார். ஒருவர் பழம்பாடலை உலக இலக்கியத்தோடு ஒப்பிட்டவர். மற்றவர் கிராமத்து வட்டக்களரியைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தவர். இவ்விரண்டு பார்வையும் தொடக்கத்திலேயே அமைந்தது இந்நிறுவனத்தின் நற்பேறு.

வளாகமும் கற்கைகளும்

இன்று இப்பல்கலைக்கழகம் ஓரிடத்தில் அடங்கியதன்று. திருநெல்வேலி இராமநாதன் வீதியிலுள்ள தலைமை வளாகத்தில் கலை, விஞ்ஞானம், முகாமைத்துவக் கற்கைகள் வணிகம் ஆகிய பீடங்களும் பொது நூலகமும் நிருவாக அலுவலகங்களும் உள்ளன. பரமேசுவரன் கோயிலும், முதற் தலைவர் பெயரால் வழங்கும் கைலாசபதி கலையரங்கும் அங்கேயே காணத்தக்கன. 1978இல் தொடங்கிய மருத்துவபீடம் அயலில் ஆடியபாதம் வீதியில் உள்ளது. அதன் மாணவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் பயிற்சி பெறுகின்றனர். சித்த மருத்துவக் கல்வி 1984 முதல் கைதடியில் நடைபெறுகின்றது. மருதனார்மடத்திலிருந்த இராமநாதன் நுண்கலைக்கழகம் 1975இல் வளாகத்துடன் இணைக்கப்பட்டது. இசையும் நடனமும் அவ்வாறு பட்டக் கல்வியாயின. இன்று அது நிகழ்த்துகைக் கலைகளுக்கும் காண்பியக் கலைகளுக்குமுரிய தனிப்பீடமாய் விளங்குகின்றது. விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்களும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. இந்து நாகரிகம், சைவசித்தாந்தம், சமஸ்கிருதம் ஆகியவற்றுக்கென இந்து கற்கைகள் பீடமும் தனியே அமைந்துள்ளது. வவுனியாவில் 1997இல் தொடங்கிய வளாகம் 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகப் பிரிந்து தனித்தியங்குகின்றது.

பெரும்பாலான பெற்றோர் அறிந்த துறைகள் மருத்துவமும் பொறியியலுமே. சட்டம், மீன்பிடியியல், கணினி விஞ்ஞானம், தாதியியல், மருந்தகவியல், புவியியல், மொழியியல், தொல்லியல் எனத் துறைகள் பல உள. உயர்தர வகுப்பிற் பாடந் தெரியும்போதே இவற்றை அறிந்து தெரிதல் நன்று. பெறுபேறு வந்தபின் விண்ணப்பப் படிவத்தின் முன்னிருந்து, கேள்விப்பட்டிராத துறைகளை வரிசைப்படுத்தும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

அனுமதி முறையையும் சுருக்கமாக அறிதல் வேண்டும். இது நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணத்தவருக்கு மட்டும் உரியதன்று. மாணவரைத் தெரிவு செய்வது கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியின்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் நாடு தழுவிய திறமைக்கும், 55 இடம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கேற்பவும், 5 இடம் கல்வி வாய்ப்புக் குன்றிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறை வழங்கிவருகின்றது. ஆதலால் தென்னிலங்கையிலிருந்து சிங்கள மாணவரும், பல பகுதிகளிலிருந்து முஸ்லிம், மலையக மாணவரும் இங்கு வந்து கற்கின்றனர். நம் பிள்ளைகள் மாத்தறைக்கும் மொறட்டுவைக்கும் செல்கின்றனர். கட்டணம் இல்லை. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் நிழல் பல்கலைக்கழகம்வரை நீண்டுள்ளதென்பதைப் பிறநாட்டு மாணவர் படுங் கடன்சுமையை அறிந்தோரே உள்ளபடி உணர்வர்.

போரிடையே

இப்பல்கலைக்கழகத்தின் முதல் முப்பத்தைந்தாண்டுகளிற் பெரும்பகுதி போரிடையே கழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1987 ஒக்டோபரில் பல்கலைக்கழக மைதானமே போர்க்களமாயிற்று. உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த வைத்திய கலாநிதி இராஜினி திராணகம 1989 செப்டெம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் தொடங்கிய விவசாயபீடம் கிளிநொச்சியை விட்டுப் பெயர்ந்து, நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் இயங்க நேர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தபோது, பல்கலைக்கழகமும் வெறுமையாயிற்று.

அக்காலத்துத் துணைவேந்தருள் ஒருவர் பேராசிரியர் அ. துரைராசா. கேம்பிரிட்ஜிலே களிமண்ணின் இயல்பை ஆராய்ந்து, றொஸ்கோ, ஸ்கொஃபீல்ட் என்னும் அறிஞருடன் இணைந்து அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை மண்பொறியியலில் இன்றும் எடுத்தாளப்படுவது. உலகின் எப்பல்கலைக்கழகத்திலும் இருந்திருக்கக் கூடிய அவர், 1988 முதல் 1994இல் மறையும்வரை, மின்சாரமும் எரிபொருளும் அற்ற யாழ்ப்பாணத்தில் இந்நிறுவனத்தைத் தாங்கி நின்றார். அவர் துவிச்சக்கரவண்டியிற் பணிக்குச் சென்று வந்ததை மூத்தோர் இன்றுங் கூறுவர். கட்டடம் இடிந்தாலும் ஆசிரியர் நிலைத்து நின்றால் பல்கலைக்கழகம் நிலைக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஓர் அனுபவம்

இனி, என் அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகின்றேன். அவ்விடப்பெயர்வின்போது யான் பள்ளிச் சிறுவன். சில ஆண்டுகளின் பின் உயர்தரப் பரீட்சை எழுதினேன். அனுமதிக்கு வேண்டிய புள்ளிக்குச் சற்றே குறைந்தது. ஆசிரிய நியமனம் பெற்ற பின், வெளிவாரியாகக் கலைமாணித் தேர்வுக்குப் பதிந்தேன். சனி ஞாயிறுகளில் தனியார் வகுப்பொன்றிற் குறிப்புகள் கொடுப்பர். அவற்றை எழுதி, மனனஞ் செய்து, தேர்வு மண்டபத்தில் ஒப்புவித்தேன். வரலாற்று வினாத்தாளில் ஆனைக்கோட்டை முத்திரை பற்றிய வினாவொன்று வந்தது. குறிப்பிலிருந்தபடி விடையெழுதினேன்: 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் அது கிடைத்தது, மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துகளும் உள்ளன, கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது எனக் கணிப்பர். எழுதி முடித்து, துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பினேன்.

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதி ஆனைக்கோட்டையூடாகவே செல்கின்றது. அவ்வழியே யான் பல்லாயிரம் முறை சென்று வந்துள்ளேன். அன்றும் அவ்வழியேதான் வந்தேன். எழுதிய விடையும் ஓடிய வீதியும் ஒரே நிலத்தைப் பற்றியன என்பது எனக்குத் தோன்றவேயில்லை. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளின் பின், எட்டாம் வகுப்பு மாணவனொருவன், "சேர், அது எங்கடை ஆனைக்கோட்டையோ?" என்று கேட்டபோதே நெஞ்சிற் சுருக்கென்றது. அடுத்த வாரம் அவனையும் வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு அங்குச் சென்றேன். காண்பதற்கு அங்கு மாளிகையோ கோபுரமோ இல்லை; மேட்டு நிலமும் பனைகளுமே இருந்தன. ஆயினும் மண்ணிற் கிடந்த கறுப்புச் சிவப்பு ஓட்டுத்துண்டு ஒன்றை அம்மாணவன் சுட்டிக்காட்டி, இது எவ்வளவு பழையது, எப்படி அறிவது என்று கேட்டான். என்னால் விடை கூற இயலவில்லை. என்னிடம் பட்டம் இருந்தது. அவ்வினாவைக் கேட்கும் பழக்கமும் அதற்கு விடை தேடும் வழியும் என்னிடம் இல்லை. பல்கலைக்கழகம் கொடுப்பது அவ்விரண்டையுமே.

இதனால் வெளிவாரிப் பட்டத்தை இழித்துரைப்பதாக எவருங் கொள்ளலாகாது. தாமோதரம்பிள்ளை பெற்றதும் அத்தகைய பட்டமே. ஆனால் அவருக்குப் பின்னால் வட்டுக்கோட்டை இருந்தது. எனக்குப் பின்னால் இருந்தவை குறிப்புகளே. உள்வாரியாகச் சேர்ந்து, அங்கும் குறிப்புகளையே மனனஞ் செய்து வெளியேறுவோரும் உளர். அவர்களுடைய நிலையும் என் நிலையும் ஒன்றே. மதிலுக்கு உள்ளே இருந்தோமா வெளியே இருந்தோமா என்பதன்று வேறுபாடு.

அருகிலுள்ள பல்கலைக்கழகம் ஆற்றும் பணி

தொலைவிலுள்ள பல்கலைக்கழகமும் பட்டமளிக்கும். நம் நிலத்தை ஆராய்வதற்கு நம் நிலத்திலுள்ள பல்கலைக்கழகமே வேண்டும். இலண்டன் பாடத்திட்டத்தைப் பயின்ற நம் முன்னோர் தேம்ஸ் நதியைப் பற்றி அறிந்திருந்தனர். ஆறில்லாத நம் குடாநாட்டின் கிணற்று நீரைப் பற்றி அறிதற்கு அவர்களுக்கு இடமிருக்கவில்லை. நம் நிலத்தின்கீழ்ச் சுண்ணக்கல் உள்ளது. பெய்யும் மழை அதன் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். தோட்டத்துக்கு மிகுதியாக இட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றைச் சென்றடையும். இவற்றை அளந்து பதிவு செய்யும் ஆய்வுகள் இங்கே பல நிகழ்ந்துள்ளன. ஒவ்வொரு வீட்டின் குடிநீரும் அவ்வாய்வுகளின் பொருள்.

மருத்துவபீடத்திலும் இவ்வாறே. சமுதாய மருத்துவப் பேராசிரியராயிருந்த செ. சிவஞானசுந்தரம், நந்தி என்னும் புனைபெயரில் தமிழ் வாசகர் நன்கறிந்த நாவலாசிரியர். நோயை அது தோன்றும் வீட்டிலும் ஊரிலும் வைத்து நோக்குதலே அவர் கற்பித்த துறை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் மக்கள் உள்ளத்தில் உண்டான காயத்தை ஆராய்ந்து, மனவடு என்னும் நூலைத் தமிழில் எழுதினார். வேறெங்கோ எழுதப்பட்ட பாடநூலில் நம் மக்களின் துயரம் இராது. அதனைக் கண்டு பெயரிட்டு, ஆற்றும் வழியைக் கூறுவதற்கு, அத்துயரத்தின் நடுவில் இருந்த ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது.

மொழி பற்றிய வினாவும் ஈண்டு எழும். கலைத்துறைகளிற் பெரும்பாலும் தமிழே கற்பித்தல் மொழி. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியவற்றில் ஆங்கிலம். 1860களில் மானிப்பாயில் தமிழிற் கற்பித்த உடற்கூறு, இன்று நான்கு மைல் அப்பால் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றது. இதனைக் குறையென்று மட்டும் கூறிவிடலாகாது. உலகின் பிற பகுதிகளில் வெளிவரும் ஆய்வை உடனுக்குடன் அறிய ஆங்கிலம் வேண்டும். ஆயினும் அறிந்ததை நோயாளிக்கும் கமக்காரனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தமிழிற் சொல்லத் தெரியாத பட்டதாரி பாதிப் பட்டதாரியே. கிறீன் வைத்தியர் விட்டுச்சென்ற பணியில் இப்பகுதியேனும் நம்மாற் செய்யத்தக்கது.

செய்யத்தக்கன

நம் கல்லூரியிலிருந்து திருநெல்வேலிக்குத் துவிச்சக்கரவண்டியில் அரைமணி வழி. அவ்வழியை நம் மாணவரிற் பெரும்பாலோர் உயர்தரப் பெறுபேறு வருமுன் ஒருமுறையேனும் கடந்து பார்ப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை உயர்தர வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்று, நூலகத்தையும் ஆய்வுகூடங்களையும் காட்டி, ஒரு விரிவுரையாளரிடம் அவர் தற்போது எதனை ஆராய்கின்றார் என்று கேட்கச் செய்தல் அரிதன்று. பழைய மாணவருட் பல்கலைக்கழக ஆசிரியராய் உள்ளோர் இதற்கு வழிசெய்ய வல்லர். வெளிவாரியாகக் கற்கும் ஆசிரியர்கள் ஐவர் அறுவராகக் கூடி, குறிப்புகளை விடுத்து மூலநூலொன்றை மாதந்தோறும் வாசித்து விவாதித்தால், மதிலுக்கு வெளியிலும் ஒரு சிறு பல்கலைக்கழகம் உண்டாகும். சென்ற ஆண்டு முதல் எங்களிற் சிலர் இதனைத் தொடங்கியுள்ளோம். சேர விரும்புவோரை வரவேற்கின்றோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் குறிக்கோளாக ஏற்ற தொடர் திருக்குறளிலிருந்து எடுக்கப்பட்டது. திருவள்ளுவர் அத்தொடரை அறிவுடைமை, மெய்யுணர்தல் ஆகிய இரண்டு அதிகாரங்களிலும் ஆண்டுள்ளார். சொன்னவர் யார் என்பதிலும் தோற்றம் எத்தகையது என்பதிலும் மயங்காது, பொருளின் உண்மையைத் தேர்தலே அறிவு என்பது அதன் கருத்து. அது பட்டத்துக்குரிய இலக்கணமன்று. கற்போன் ஒவ்வொருவனும் நாள்தோறும் செய்யவேண்டிய தொழில். ஆனைக்கோட்டையில் அம்மாணவன் ஓட்டுத்துண்டைக் காட்டி வினாவிய கணத்தில் அத்தொழிலையே செய்தான். இன்று அவன் உயர்தர வகுப்பிற் கற்கின்றான். அவனுக்குக் கம்பஸ் கிடைக்குமோ என்பதை யான் அறியேன். கிடைத்தால் அங்குச் சென்று செய்யவேண்டியது யாதென்பதை அவன் ஏற்கெனவே அறிவான், கிடையாவிடினும் அறிவான்.